தென்குன்றுகளில் முதல் கோல்ஃப்: டெவில்ஸ் டைக் மேட்டுக்கு ஆடப் போகிறவருக்கு

இங்கிலாந்தின் தென்கரை நகரமான பிரைட்டனுக்குப் பின்னால் எழும் குன்றுகளில் ஒரு காலத்தில் ரயில் ஏறியது. டெவில்ஸ் டைக் என்ற பெரிய பள்ளத்தை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக 1887 செப்டம்பரில் திறந்த கிளைப் பாதை அது. கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால், வெட்டவெளியில், கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஏறி இறங்குவதற்கென்றே ஒரு நிறுத்தம் இருந்தது. திரும்பும் ரயில் டைக் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் கிளப் கட்டடத்தில் மணி அடிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். கையில் இருக்கும் கோப்பையைக் காலி செய்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்குப் போக அந்த அவகாசம் போதும். 1938 டிசம்பர் கடைசி நாளோடு ரயில் நின்றுவிட்டது. கிளப் நிற்கவில்லை. பிரைட்டன் அண்ட் ஹோவ் கோல்ஃப் கிளப் என்ற பெயரில், ரயில் வந்த அதே 1887இல் தொடங்கியது, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

டிரைவிங் ரேஞ்சில் நாலைந்து மாதம் அடித்துப் பழகிவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சமதள மைதானத்தில் ஓரிரு முறை ஆடியும் பார்த்துவிட்டு, 'சரி, ஒரு பழைய மேட்டு மைதானத்தில் ஆடிப் பார்ப்போமே' என்று நினைக்கிறவருக்காக இதை எழுதுகிறேன். மட்டையைப் பிடிப்பது எப்படி என்பதெல்லாம் இதில் வராது.

இந்தத் தென்குன்றுகளுக்கு ஆங்கிலத்தில் 'சவுத் டவுன்ஸ்' என்று பெயர். 'டவுன்ஸ்' என்பதைப் பார்த்துவிட்டுப் பள்ளம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. மரம் அதிகம் இல்லாத, புல் போர்த்திய, உருண்ட மேடுகள்தான் டவுன்ஸ். ஊட்டிக்குப் போனவர்களுக்கு வென்லாக் டவுன்ஸ் தெரிந்திருக்கும். மதராஸ் ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரோடு, தங்கள் ஊர்க் குன்றுகளின் நினைவையும் சேர்த்து வெள்ளைக்காரர்கள் ஒட்டிய பெயர் அது. ஊட்டியின் கோல்ஃப் மைதானமும் அந்த வெளியில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் மண் வேறு. அந்த மண்தான் இந்தக் கட்டுரையின் பேச்சு முழுவதும்.

முதலில் மண்

சஸ்ஸெக்ஸின் தென்குன்றுகள் முழுக்க சீமைச் சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதினோமே, அந்த வெள்ளைக்கட்டியின் பெயரே இந்தப் பாறையிலிருந்து வந்ததுதான். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில், கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டான பாறை. அதன்மேல் மண் ஒரு சாண் ஆழம்கூட இல்லாத இடங்கள் நிறைய. மழை பெய்தால் தண்ணீர் தேங்காது, நேரே உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் ஓடை இல்லாத பள்ளத்தாக்குகளை இங்கே பார்க்கிறோம். டெவில்ஸ் டைக்கும் அப்படி ஒன்று, ஏறக்குறைய 100 மீட்டர் ஆழம். பனியுகத்தில் உறைந்த நிலமும் உருகிய நீரும் அரித்தது என்கிறது புவியியல். தேவாலயங்களைக் கடல்நீரில் மூழ்கடிக்கச் சாத்தான் ஓர் இரவில் வெட்டிய கால்வாய், விடிந்துவிட்டதென்று பாதியில் விட்டுவிட்டான் என்கிறது ஊர்க்கதை.

ஆட்டத்துக்கு இதனால் என்ன? களிமண் மைதானங்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை சகதியாகக் கிடக்கும். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்ளும். சுண்ணாம்பு மேட்டில் ஜனவரியிலும் கால் நனையாமல் நடக்கலாம். கோடையில் கதை தலைகீழ். இரண்டு வாரம் மழை இல்லையென்றால் புல் பழுத்து, தரை கட்டாந்தரையாகிவிடும். 150 யார்டில் விழுந்த பந்து இன்னும் 30, 40 யார்டு ஓடும். உங்களுக்குச் சாதகமான பக்கமே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தப் புல்லை முதலில் வெட்டியது எந்திரம் இல்லை, ஆடுகள். சவுத்டவுன் என்ற குட்டையான, அடர்ந்த கம்பளி ஆட்டினத்தை லூயிஸ் பக்கத்துக் கிளைண்ட் கிராமத்தில் ஜான் எல்மன் என்ற பண்ணையாளர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செம்மைப்படுத்தினார். நூற்றாண்டுக் கணக்கில் மந்தைகள் மேய்ந்து மேய்ந்து, குன்றின் புல் பாய் விரித்ததுபோலக் குட்டையாக, மிதித்தால் துள்ளுகிற மாதிரி ஆகியிருந்தது. 1880களில் இங்கிலாந்தில் கோல்ஃப் மோகம் பரவியபோது, கோல்ஃப் வழக்கமாக ஆடப்பட்ட கடற்கரை மணல்மேடு இல்லாத ஊர்க்காரர்கள் சுற்றிப் பார்த்தார்கள். மேட்டில் புல் தயாராக இருந்தது. குழி தோண்டிக் கொடி நட்டால் போதும். 1887இல் ஈஸ்ட்போர்னிலும் கிளப் தொடங்கினார்கள், 1894இல் பைகூமில், 1896இல் லூயிஸில். மேற்கே குட்வுட்டில் ஜேம்ஸ் பிரெய்ட் அமைத்த குன்று மைதானம் 1914ஐச் சேர்ந்தது. பிரெய்ட் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர்.

அன்றைய பந்து கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்தது. உயரப் பறந்து வந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், குத்தி நிற்கிற பந்து இல்லை; தாழப் போய் உருளும். ஆகவே பழைய மேட்டு மைதானங்களில் கிரீனுக்கு முன்னால் வழி திறந்திருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள். பந்து உருண்டே உள்ளே வரட்டும் என்று விட்ட வாசல் அது. அந்த வாசலைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி காற்று, அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த மைதானம், எந்த நாள்

முதல் முறை 9 குழி மைதானமாகப் பாருங்கள், அல்லது 18இல் பாதி ஆடிவிட்டு வாருங்கள். ஏற்ற இறக்கத்தில் நடந்து பழகாத காலுக்கு 18 குழி அதிகம். கடைசி ஆறு குழியை வெறுப்போடு ஆடுவீர்கள். பிரைட்டன் அண்ட் ஹோவ் 9 குழிதான், 18 வேண்டுமென்றால் இரண்டு சுற்று வர வேண்டும். புதியவருக்கு இது வசதி. உறுப்பினர்கள் சூழ ஆடத் தயக்கமாக இருந்தால் கிழக்கே சீஃபர்ட் ஹெட் இருக்கிறது. நகர மன்றத்துக்குச் சொந்தமான மைதானம், காசு கொடுத்தால் யாரும் ஆடலாம். அதுவும் 1887ஐச் சேர்ந்தது. கடல் பாறை உச்சியிலிருந்து செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகளைப் பார்த்தபடி ஆடலாம். என்னைக் கேட்டால் பணம் வாங்கிக்கொண்டு காட்ட வேண்டிய காட்சி அது.

முன்பதிவு இணையத்திலேயே நடக்கும். வார நாள் மதியத்துக்கு மேல் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. சனி ஞாயிறு காலைகள் பெரும்பாலும் உறுப்பினர்களின் போட்டிக்குப் போய்விடும். ஜூன் நடுவில் ஒன்பதே கால் வரை வெளிச்சம் இருக்கும், மாலை ஐந்துக்குத் தொடங்கினாலும் 9 குழி தாராளமாக முடியும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும்; காலை பத்தரைக்குள் முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நிற்கிற மாதிரி பதியுங்கள். உறைபனி விழுந்த காலைகளில் கிரீன்மேல் நடந்தால் புல் கருகிவிடும் என்பதால் பனி இளகும்வரை மைதானத்தை மூடி வைப்பார்கள். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. மேட்டில் மூடுபனி இருக்கிற நாளில் கீழே நகரத்தில் வெயில் அடிக்கும். ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

சில பழைய கிளப்களில் ஹேண்டிகேப் இருக்கிறதா என்று கேட்பார்கள். புதியவருக்கு இந்தச் சொல்லே பயமுறுத்தும். உங்கள் திறமைக்கு ஏற்ற சலுகை அடிகளின் கணக்கு, அவ்வளவுதான். உச்ச வரம்பு 54. எந்தக் கிளப்பிலும் சேராமலே இதை வாங்க இங்கிலாந்து கோல்ஃப் அமைப்பு 2021இல் ஐகோல்ஃப் என்ற சந்தாத் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பந்து யார்மீதாவது பட்டுவிட்டால் கைகொடுக்கும் காப்பீடும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. பொதுப் பாதைகள் குறுக்கிடும் மேட்டு மைதானத்தில் அந்தக் காப்பீடு வெறும் அலங்காரம் இல்லை.

போய்ச் சேர்வது

லண்டன் விக்டோரியாவிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து 77ஆம் எண் பேருந்து டைக் சாலை வழியாக மேட்டுக்கு ஏறும். ஆண்டு முழுவதும் எல்லா நாளும் ஓடாது, கால அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அதே சாலையில் டைக் கோல்ஃப் கிளப் என்று இன்னொரு கிளப்பும் உண்டு. பெயரை அரைகுறையாக நினைவு வைத்துக்கொண்டு தவறான வாசலில் பையோடு நின்றவர்களில் நானும் ஒருவன். பதிவு மின்னஞ்சலில் இருக்கும் முழுப் பெயரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நடக்கப் பிடிக்குமென்றால் பழைய ரயில் பாதையின் ஒரு பகுதி இப்போது நடைபாதையாக இருக்கிறது. ஹேங்கிள்டன் குடியிருப்புகளின் ஓரத்தில் தொடங்கி மேட்டை நோக்கி ஏறும். ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. பாதிப் பையோடு வருகிறவர்களுக்கு நல்ல வழி. பாதிப் பை என்றதற்குக் காரணம் உண்டு.

எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது

விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். மேட்டுக்குப் புதியவர் ஏழு எடுத்துப் போனால் போதும்: ஒரு ஹைப்ரிட், 5, 6, 7, 8 அயர்ன்கள், பந்தை உயரத் தூக்க ஒரு வெட்ஜ், கிரீனில் உருட்ட ஒரு பட்டர். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை வேண்டாமா என்று கேட்பீர்கள். காற்றில் டிரைவர் பந்து எங்கே போகும் என்று தெரியாத நிலையில் அதைச் சுமந்துகொண்டு மேடேறுவது வீண் பாரம். கட்டாந்தரை ஓட்டம் தூரத்தைக் கொடுத்துவிடும்.

பந்து ஒரு டஜன், மலிவானவை, மஞ்சள் நிறம். வெள்ளைப் பந்து வேண்டாம் என்பதற்கும் மண்தான் காரணம். சுண்ணாம்பு மண்ணில் சிக்கிமுக்கிக் கற்கள் இறைந்து கிடக்கும். வெள்ளைத் தோல் போர்த்திய அந்தக் கற்களை 50 யார்டு தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாகப் பந்தேதான். கல்லை நோக்கி நம்பிக்கையோடு நடந்த தூரத்தையெல்லாம் கூட்டினால் லண்டன் திரும்பியிருக்கலாம்.

சட்டை காலர் வைத்தது, கால்சட்டை ஜீன்ஸ் அல்லாதது. பல கிளப்கள் இப்போது தளர்த்திவிட்டாலும் இப்படிப் போனால் எங்கும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மேலே காற்று புகாத மெல்லிய மேலாடை ஒன்று ஜூலையிலும் வேண்டும். பிரைட்டன் கடற்கரையில் வியர்த்துக்கொண்டு நிற்பீர்கள், மேட்டில் பல் கிட்டும். தொப்பி இறுக்கமாக இருக்கட்டும். குடையை வீட்டில் வையுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, இங்கே வருடத்தில் பாதி நாள் ஆடிதான்.

காலணிக்கு அடியில் பிடிப்பு இருக்க வேண்டும். காய்ந்த சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி, நனைந்த சுண்ணாம்பு சோப்பு மாதிரி. புல்லில் வழுக்காது, புல் தேய்ந்து வெள்ளை தெரிகிற நடைபாதைச் சரிவுகளில்தான் வழுக்கும். தண்ணீர் ஒரு லிட்டர், டீ குச்சிகள் கொஞ்சம், கிரீனில் பந்தின் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம். பந்து கிரீனில் குத்திய பள்ளத்தைச் சரிசெய்ய ஒரு சிறு முள்கருவியும் வேண்டும், கடையிலேயே கிடைக்கும்.

வந்தவுடன்

பதிந்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய், கடையில் பெயரைச் சொல்லிக் கட்டணத்தைக் கட்டி, கணக்கு அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். 'முதல் முறை வருகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இன்று காற்று எந்தப் பக்கம், எந்தக் குழியில் கொடி தெரியாது, எங்கே நடப்பவர்கள் குறுக்கே வருவார்கள் என்று அவர்களே சொல்லித் தருவார்கள். மேட்டு மைதானத்தில் குன்றின் முதுகுக்கு அப்பால் கிரீன் மறைந்திருக்கும் குழிகள் சகஜம். திசை காட்ட ஒரு கம்பமும், 'நாங்கள் நகர்ந்துவிட்டோம், நீங்கள் அடிக்கலாம்' என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு மணியும் வைத்திருப்பார்கள். மணியைப் பார்த்தால் அடித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் பத்து நிமிடம் பயிற்சி கிரீனில் பட்டரால் உருட்டுங்கள். குழியில் போடுவது நோக்கம் இல்லை; எவ்வளவு தள்ளினால் எவ்வளவு ஓடுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும்.

கணக்குக்கு ஸ்டேபிள்ஃபோர்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் கடற்காற்று வாட்டும் வாலசி கிளப்பில் 1932இல் போட்டியாக நடத்திக் காட்டிய முறை அது. ஒரு குழி சொதப்பினால் அந்தக் குழியோடு போகும், முழு ஆட்டமும் நாசமாகாது. உதாரணமாக உங்களுக்கு 54 சலுகை அடி என்றால் 18 குழிக்கும் தலா மூன்று. பார் 4 குழியை, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய குழியை, 7 அடியில் முடித்தால் மூன்றைக் கழித்து 4. அதற்கு 2 புள்ளி. 8 என்றால் 1 புள்ளி. எட்டு அடி அடித்தும் பந்து உள்ளே போகவில்லையா? எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடங்கள். 9 குழியில் 18 புள்ளி எடுத்தால் உங்கள் அளவுக்கு ஆடிவிட்டீர்கள் என்று பொருள். முதல் நாள் 10 வந்தாலே டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம்.

காற்றோடு மல்லுக்கட்டாமல் ஆடுவது

இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று, கடலிலிருந்து ஏறி வருவது. மறைக்க மரம் இல்லை. எதிர்காற்றில் புதியவர் செய்யும் முதல் தவறு பலமாக அடிப்பது. பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து இன்னும் உயரும், உயர்ந்த பந்தைக் காற்று திருப்பி அனுப்பும். ஆகவே எதிர்காற்றில் இரண்டு எண் நீளமான மட்டையை எடுங்கள்: 8 அயர்ன் தூரத்துக்கு 6. பிடியில் ஒரு அங்குலம் கீழே பிடித்து, பந்தைப் பின்னங்கால் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து, முக்கால் வீச்சில் அடித்து, கையை இடுப்புக்கு மேல் போகவிடாமல் நிறுத்துங்கள். பந்து தலைக்கு மேலே போகாமல் சீறிக்கொண்டு போகும். பின்காற்றில் கிடைக்கும் லாபம் எதிர்காற்றில் வரும் நட்டத்தைவிடக் குறைவு. பின்காற்று நாளில் கிரீனுக்கு முன்னாலேயே இறக்கி ஓடவிடுங்கள்.

பக்கக்காற்றில் பந்தை வளைத்து அடிப்பதெல்லாம் வேண்டாம். இலக்கை விட்டு காற்று வரும் பக்கம் தள்ளிக் குறிவைத்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அங்கேயே அடியுங்கள். முக்கால்வாசிப் பேர் கடைசி நொடியில் கொடியைப் பார்த்துவிடுகிறார்கள்.

தரை சமமாக இருக்கும் இடம் டீ மட்டும்தான். பந்து உங்கள் காலைவிட உயரத்தில் கிடந்தால், வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் போகும். தாழக் கிடந்தால் வலப்பக்கம். ஏறுசரிவில் பந்து உயர்ந்து குறைந்த தூரம் போகும், இறங்குசரிவில் தாழ்ந்து நீளமாக ஓடும். தோள்களைச் சரிவோடு சாய்த்து நில்லுங்கள், சரிவோடு சண்டை போட்டு நிமிர்ந்து நிற்காதீர்கள்.

கிரீனுக்கு 40 யார்டு இருக்கும்போதுதான் பழைய மைதானம் உங்களுக்கு உதவ ஆரம்பிக்கும். டிவியில் பார்த்ததை நினைத்து வெட்ஜை எடுப்பீர்கள். கட்டாந்தரையில் வெட்ஜின் அடிப்பாகம் துள்ளி, மட்டையின் விளிம்பு பந்தின் நடுவில் மோதி, பந்து கிரீனைத் தாண்டி வேலிக்குப் போய்விடும். அதற்குப் பதில் 7 அயர்னை எடுத்து, பட்டரால் தள்ளுவது போலவே தள்ளுங்கள். பந்து கொஞ்சம் எம்பி, முன்வாசல் வழியாக உருண்டு உள்ளே போகும். இன்னும் கிட்டே, புல் குட்டையாக இருந்தால், 20 யார்டிலிருந்தே பட்டர். சிரிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். அங்கேயே ஆடிப் பழகியவர்கள் செய்வதும் இதுதான். கிரீனில் சரிவு எந்தப் பக்கம் என்று குழம்பினால் மொத்தக் குன்றும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நிமிர்ந்து பாருங்கள். கண்ணுக்கு ஏறுசரிவு போலத் தெரிவது உண்மையில் இறக்கமாக இருப்பது குன்றில் நடக்கும்.

மேட்டுக்கென்றே நினைவில் வைக்க வேண்டிய சில விதிகள் உண்டு. பந்துக்குப் பக்கத்தில் கிடக்கும் சிக்கிமுக்கிக் கல்லை எடுத்துப் போடலாம். 2019 விதி மாற்றத்துக்குப் பின் பங்கர் என்ற மணல் பள்ளத்திலும் எடுக்கலாம், பந்து மட்டும் அசையக் கூடாது. முயல் வளையில் பந்து விழுந்தால் தண்டனை கிடையாது: வளை இடைஞ்சல் செய்யாத மிகக் கிட்டிய இடத்தைப் பார்த்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம். மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்புதருக்குள் போய்விட்டால் கையை விட்டுத் துழாவாதீர்கள். முள் ஒருபக்கம், விரியன் பாம்பு இந்தக் குன்றுகளில் உண்டு என்பது இன்னொரு பக்கம். பந்து கண்ணுக்குத் தெரிந்தால் ஒரு தண்டனை அடியோடு, இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல் வெளியே விட்டு ஆடுங்கள். தெரியாவிட்டால் தேட மூன்று நிமிடம்தான். தொலைந்தது என்று சந்தேகம் வந்தவுடனே, 'இது தற்காலிகப் பந்து' என்று சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவைத்தால் திரும்பி ஏறும் வேலை மிச்சம்.

அப்புறம் காற்று நகர்த்தும் பந்து. என் முதல் சுற்றில் கிரீனுக்கு வந்து சேர்ந்த பந்து நின்றது, ஒரு வீச்சுக் காற்று வந்தது, பந்து இரண்டு அடி உருண்டு குழிக்குக் கிட்டே போனது. நேர்மையாக இருக்கிறேன் பேர்வழி என்று எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். தவறு. காற்று தள்ளினால் தள்ளிய இடத்திலிருந்து ஆட வேண்டும். நீங்கள் ஏற்கனவே குறியிட்டு எடுத்துத் திரும்ப வைத்த பந்தை மட்டும்தான், காற்று நகர்த்தினாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எனவே கிரீனுக்கு வந்ததும் குறியிட்டு எடுத்துத் துடைத்து வைத்துவிடுங்கள், அதன்பின் காற்றின் பாடு காற்றோடு.

குறுக்கே வருகிறவர்கள்

குன்று உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. தென்குன்றுகள் தேசியப் பூங்கா 2010இல் உருவானது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே நடைபாதை, பைகூம் கோல்ஃப் மைதானத்தைக் கடந்தே போகிறது. அந்தப் பாதை கிளேட்டனில் ஜாக், ஜில் என்ற இரண்டு காற்றாலைகளின் பக்கமாக வருகிறது. அவற்றில் ஜில் 1821இல் பிரைட்டனில் கட்டியது, 1852இல் மாடுகள் பூட்டி மேட்டுக்கு இழுத்து வந்தது. ஆலையையே காற்றுக்காகக் குன்றேற்றியிருக்கிறார்கள் என்றால் உங்கள் பந்துக்கு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர், நாய், குதிரை, சைக்கிள் எது பாதையில் இருந்தாலும் முன்னுரிமை அவர்களுக்கு. அவர்கள் தாண்டும்வரை அடிக்கக் கூடாது. உங்களுக்காக ஒருவர் நின்று கையசைத்தால் மட்டும் அடியுங்கள், அடித்தபின் கையுயர்த்தி நன்றி சொல்லுங்கள். பந்து யாரை நோக்கியாவது திரும்பினால் 'ஃபோர்!' என்று தொண்டை கிழியக் கத்துங்கள். கூச்சப்பட்டு முனகுவது வேலைக்கு ஆகாது. காற்று பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். உங்கள் காதில் அந்தச் சொல் விழுந்தால் நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

பின்னால் வேகமாக ஆடும் குழு வந்தால் ஓரமாக நின்று போகச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் தரையைப் பார்க்கக் கிடைத்த நேரம். மட்டைவெட்டு படாத ஓரப் புல்லில் தைம் மணக்கும், கோடையில் ஆர்கிட் பூக்கும், நீல வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். நல்ல சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் உணவுக்காக உழுதது, பிறகு உரம் போட்டுப் பயிரிட்டது என்று இந்த மாதிரிப் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய கோல்ஃப் மைதானங்களின் ஓரங்கள் மிச்சமிருக்கும் துண்டுகளில் சேரும். கூடு தரையில் கட்டும் வானம்பாடி வசந்தத்தில் அங்கேதான் இருக்கும். மைதானத்தில் கயிறு கட்டித் தடுத்த புல்லுக்குள் பந்து போனால் போனதுதான், உள்ளே கால் வைக்காதீர்கள்.

ஆடி முடித்தபின்

கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றி எல்லோரிடமும் கை குலுக்குவது வழக்கம். கட்டட வாசலில் தூரிகை வைத்திருப்பார்கள். காலணியில் ஒட்டிய வெள்ளைச் சேற்றை அங்கேயே தேய்த்துவிடுங்கள், காய்ந்தால் போகாது. உள்ளே போனதும் முதலில் தேநீர், பிறகு கணக்கு. கூட ஆடியவர்கள் உங்கள் அட்டையில் கையெழுத்துப் போடுவார்கள், நீங்கள் அவர்களுடையதில்.

நேரம் இருந்தால் பேருந்து ஏறும் முன் டைக் விளிம்புவரை போய்ப் பாருங்கள். 1894இல் அந்தப் பள்ளத்துக்கு மேலே கம்பியில் தொங்கும் கூண்டு வண்டி ஓடியது. 1897இல் வடக்குச் சரிவில் செங்குத்து ரயில் ஒன்றும் போட்டார்கள். இரண்டுமே நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது அங்கே புல்லும் அடியில் தெரியும் வயல்களும்தான். திரும்பும் பேருந்து நேரத்தைக் கைபேசியில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மணி அடித்துச் சொல்ல யாரும் இல்லை.